இல்லை என்று சொல்லும் ரத்தம்

இர்யா லத்வாலாவின் ரத்தம் இருபத்திரண்டு வருடம் உத்தியோகம் பார்த்தது. இர்யா வாரத்துக்கு ஐந்து நாள்தான் வேலைக்குப் போவாள். அவளுடைய ரத்தமோ அவள் விடுப்பில் இருந்தபோதும், பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்து படுத்திருந்தபோதும், அம்மாவின் சாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோதும், ஒருநாள் விடாமல் வேலைக்கு வந்தது. வேலை ஒன்றே ஒன்று. கேட்டால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும்.

ஹெல்சிங்கிக்கு வடக்கே, ஏரிக்கரைக் குவோபியோ ஊரின் மேட்டில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் ஹெர்பீஸ் பார்க்கும் மேசை அவளுடையது. ஒரு தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். முதல் குழியில் 'ஆமாம்' ரத்தம். அதாவது வியாதி நிச்சயமாக உள்ள ஒருவருடையது. இரண்டாவது குழியில் 'இல்லை' ரத்தம். மீதிக் குழிகளில் முகம் தெரியாத நோயாளிகள். சாயம் ஊற்றியதும் முதல் குழி மஞ்சளாகும், இரண்டாவது தண்ணீர் மாதிரியே கிடக்கும். மற்றவர்களை இந்த இரண்டோடும் ஒப்பிட்டு எழுத வேண்டியதுதான். 'இல்லை' தடுமாறினால் அன்றைய தட்டையே தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

அந்த 'இல்லை'யைத் தேடி 1989இல் பெரிய டாக்டர் படாத பாடு பட்டார். ஹெர்பீஸ் கிருமியில் இரண்டு பேர், அண்ணன் தம்பி மாதிரி. உதட்டில் கொப்புளம் போடும் அண்ணனை அந்த ஊரில் 'இருமல் கொப்புளம்' என்பார்கள். அதை யாரும் வியாதியாகவே மதிப்பதில்லை. இடுப்புக்குக் கீழே வரும் தம்பியின் பெயரைச் சொன்னால்தான் முகம் கோணும். இருவருக்கும் முக்கால்வாசி ஒரே ஜாடை. மட்டமான சோதனை அண்ணனைப் பார்த்துவிட்டுத் தம்பி என்று சாதிக்கும். ஆகவே டாக்டருக்கு வேண்டியது அண்ணன் இருந்தும் தம்பி இல்லாத ரத்தம். ஊழியர் பதினோரு பேரையும் குத்திப் பார்த்ததில், நாலு வயதில் அம்மாவின் கரண்டியிலிருந்து அண்ணனை வாங்கிக்கொண்ட இர்யாவின் ரத்தம் அவ்வளவு சுத்தமாக நின்றது. அன்றிலிருந்து செப்டம்பர் தோறும் ஒரு பை ரத்தம் எடுத்து, மேலே நிற்கும் தெளிவைப் பிரித்து, சின்னக் குப்பிகளில் வருடம் எழுதி உறைய வைத்தார்கள். கூடத்தில் அவளுக்கு 'நொல்லா' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் பூஜ்யம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல்லில் இருக்கும் கேலியும் மரியாதையும் சரியாகவே வந்துவிடும்.

அவளுக்கு அந்தப் பெயரில் பெருமைதான். ஆனால் அவளை அந்த மேசையில் கட்டிப்போட்டது பெருமை அல்ல, வியப்பு. இந்தக் கிருமி உள்ளே போனதும் நரம்பைப் பிடித்துக்கொண்டு முதுகெலும்பின் ஓரம்வரை ஏறிப் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். பலருக்கு ஆயுசு முழுவதும் ஒரு கொப்புளம்கூட வராது. அங்கே போய் அதை எந்த ஊசியாலும் தேட முடியாது. ஆனால் ரத்தத்துக்குத் தெரியும். எப்போதோ பார்த்த முகத்தை அது மறப்பதே இல்லை. இர்யா பார்த்ததெல்லாம் கிருமியை அல்ல, ரத்தத்தின் அந்த ஞாபகத்தைத்தான். சந்தேகமான ரத்தங்களுக்கு அவள் காகிதப் பட்டைச் சோதனை செய்வாள். வெள்ளைப் பட்டையை ராத்திரி முழுக்க ரத்தத் தெளிவில் ஊறப்போட்டு, காலையில் கழுவிச் சாயம் விட்டால், ஒன்றுமில்லாத இடத்தில் ஊதா நிறக் கோடு ஒன்று மெல்ல எழும்பி வரும். ஆயிரக்கணக்கில் பார்த்தவள்தான்; ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மூச்சு நிற்கும், கையில் மயிர்க்கால் குத்திடும். இதைப் பார்த்துச் சிலிர்க்காதவர்கள் சம்பளத்துக்கு மட்டும் வேலை பார்க்கிறவர்கள்.

அந்த ஞாபகமும் சில நேரம் ஆளை மாற்றிச் சொல்லும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வேறு ஊர்களில் இயந்திரம் வந்துவிட்டது. அது ஒரு எண்ணைக் கொடுத்து, ஒன்று புள்ளி ஒன்றைத் தாண்டினால் 'ஆமாம்' என்று கூட்டல் குறி போட்டுவிடும். அங்கிருக்கும் நர்ஸுகள் இர்யாவுக்குப் போன் செய்வார்கள்.

"நம்பர் எவ்வளவு?" என்பாள் இர்யா.

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"புண்ணு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு இங்கயே உட்காந்து அழுதுக்கிட்டிருக்கு."

"அழ வேண்டாம்னு சொல்லு. மூணரைக்குக் கீழ வர்ற நம்பர் பாதிக்குப் பாதி பொய். ரத்தத்தை எனக்கு அனுப்பு, பட்டையில பாத்துச் சொல்றேன். என்னிக்காவது கொப்புளம் வந்தா உடனே பஞ்சுல தொட்டு எடுத்துருங்க. அதுதான் நேர் சாட்சி. இது வெறும் கேள்விப்பட்ட சாட்சி."

இப்படித்தான் பேசுவாள். அவள் லாப்புவாக்காரி. அந்தச் சமவெளியில் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. குவோபியோக்காரர்களோ நேர் எதிர். கடிகாரத்தைப் பார்த்து மணி கேட்டால்கூட, ஒன்பதாகவும் இருக்கலாம் என்பார்கள். முப்பது வருடம் அந்த வழவழா கொழகொழாவுக்கு நடுவே வாழ்ந்தும் இர்யாவுக்கு அது பழகவில்லை. முப்பது வயதில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அவளோடு இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுப் போனார். அதன்பிறகு யாரும் இல்லை, அவளும் தேடவில்லை.

ஐம்பத்தேழாவது வயதில், 2010ஆம் வருடக் கோடையில், ஏரிக்கரை நடன மேடையில் பெண்கள் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது, நீலச் சட்டை போட்ட ஒருவர் முன்னால் போய் நின்றாள். ஏரிக் கப்பலில் இயந்திரம் பார்க்கிற ஔலிஸ். மனைவி இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

"ஆட வர்றீங்களா?"

"வந்தாலும் வரலாம்" என்றார் அவர்.

இஷ்டமில்லை போல என்று இர்யா அடுத்த ஆளிடம் திரும்பினாள். பிறகு பார்த்தால் மனிதர் ஏற்கெனவே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்பே இருவர் விரலிலும் மோதிரம் ஏறிவிட்டது. ஜூன் கடைசியில், நடுக்கோடைத் திருநாளன்று கல்யாணம் என்று முடிவானது.

மார்ச்சில் இவர்கள் கூடத்துக்கும் இயந்திரம் வந்தது. பொருத்த வந்த ஹெல்சிங்கிக்காரர், தெரிந்த ரத்தங்களை முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். இர்யா தன் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். இயந்திரம் முனகியது, காகிதம் துப்பியது. கூட்டல் குறி. ஒன்று புள்ளி ஏழு.

"மறுபடி ஓட்டுங்க" என்றாள்.

ஒன்று புள்ளி ஒன்பது. மறுபடி, ஒன்று புள்ளி ஆறு.

"ரத்தம் ரொம்பப் பழசா மேடம்?"

"போன செப்டம்பர்ல எடுத்தது. என்னோடது."

அந்த மனிதருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. தரையில் விழாத திருகாணியைக் குனிந்து தேட ஆரம்பித்தார்.

அன்று இர்யா மதியக் காப்பிக்குப் போகவில்லை. மனதுக்குள் கணக்கு தானாக ஓடியது. எண்பத்தொன்பதில் சுத்தமாக இருந்த ரத்தம். அதன்பின் வாழ்க்கையில் ஒரு ஆணும் இல்லை. போன கோடையில் ஔலிஸ். செப்டம்பரில் ரத்தம். இப்போது கூட்டல் குறி. மூணரைக்குக் கீழே பாதி பொய் என்று ஊருக்கெல்லாம் போனில் சொன்னவள், தனக்கு என்று வந்ததும் இயந்திரத்தின் காலில் விழுந்துவிட்டாள். அவளை உலுக்கியது இன்னொன்று. இத்தனை வருடமும் எல்லாரையும் அவளோடு ஒப்பிட்டார்கள். அவளை யாரோடும் ஒப்பிடவில்லை. பூஜ்யத்தை யார் அளந்து பார்ப்பது?

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஔலிஸ் வீட்டுச் சமையலறையில் கேட்டாள். அவர் சின்ன ஏரி மீன்களைக் ரை தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார்.

"ஔலிஸ், உனக்கு எப்பவாவது ஹெர்பீஸ் இருந்துதா? கீழ வர்றது."

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். கூரையைப் பார்த்தார்.

"இருந்தாலும் இருந்திருக்கும். இல்லாமலும் போயிருக்கும். யாரு கண்டா?"

"யாரு கண்டாவா? உன் உடம்புதானே!"

"உடம்பு நம்மகிட்ட எல்லாத்தையும் சொல்லுதா என்ன?"

லாப்புவாவில் ஒரு ஆண் இப்படிப் பேசினால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான். இர்யா மோதிரத்தைக் கழற்றி மீன் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு வியாதியைவிட அந்த மழுப்பல்தான் வலித்தது. பின்னாலிருந்து அவர் "மீன் ஆறிடும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நடக்கும்போது அழுகை வந்தது. பழியைக் காற்றின்மேல் போட்டாள்.

ஐந்து வாரம் போனது. கூடத்தில் அவளோடு இருபது வருடமாக வேலை பார்த்த மார்கெட்டா, பட்டைகளை இரண்டாவதாகப் படிக்கிறவள். இருவரும் தனித்தனியாகப் படித்து எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த மேசையின் சட்டம். மே மாதம் ஒருநாள் காப்பி வேளையில் மார்கெட்டா இரண்டாவது ஏலக்காய் பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"மோதிரம் எங்கடி?"

இர்யா சொன்னாள். எண்ணைச் சொன்னாள், மீனைச் சொன்னாள், கூரையைப் பார்த்ததைச் சொன்னாள். மார்கெட்டா பன்னைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பன்னைக் கீழே வைத்து இர்யா பார்த்ததில்லை.

"அடியே, 'யாரு கண்டா'ன்னு சொன்னதை நீ ஆமான்னு எடுத்துக்கிட்டியா?"

"வேற எப்படி எடுத்துக்கறது?"

"எங்க ஊர் ஆம்பளை அப்படிச் சொன்னா, 'எனக்குத் தெரிஞ்சு இல்லை, ஆனா சத்தியம் பண்ண நான் யாரு'ன்னு அர்த்தம். அதுவும் உண்மைதானே? கொப்புளமே வராதவனுக்கு எப்படித் தெரியும்? நீ இருபது வருஷமா எல்லாருக்கும் சொல்றதைத்தான் அந்த மனுஷன் சொல்லியிருக்கான். நீ மோதிரத்தைக் கழட்டிட்டு வந்திருக்க!"

இர்யா மோதிரம் இருந்த விரலைத் தடவினாள்.

"அந்த நம்பர் எவ்வளவுன்னு சொன்ன? ஒண்ணு புள்ளி ஏழா? அதுக்கா இந்த அழுகை? பட்டையில பாத்தியா?"

"பாக்கல. பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"ஆமான்னு வந்துட்டா?"

மார்கெட்டா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஏரியில் பனிக்கட்டி உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது.

"முதல் குழியில இருக்கே, 'ஆமாம்' ரத்தம். அது யாருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"ரகசியம்னு பெரிய டாக்டர் நம்பர் மட்டும்தானே எழுதி வெச்சிருந்தார்."

"என்னோடது."

மார்கெட்டா பன்னை மறுபடி கையில் எடுத்தாள்.

"பத்தொன்பது வயசுல வந்தது. என் புருஷனுக்குத் தெரியும், என் பூனைக்கும் தெரியும். உனக்குத்தான் சொல்லல. நீ இல்லைன்னு பெருமையா இருந்தே, உன் பக்கத்துல நான் எப்படிச் சொல்றது?"

 இருபது வருடமாக அந்த முதல் குழிக்காரரை நினைத்து இர்யா மனதுக்குள் பரிதாபப்பட்டிருக்கிறாள். யாரோ கப்பல்காரன், யாரோ பாவப்பட்ட பெண் என்று தனியாக ஓர் ஆளையே உருவாக்கி வைத்திருந்தாள். அந்த ஆள் தினமும் ஒன்பது மணிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு பன் தின்று, இரண்டு பிள்ளை பெற்று, கூடத்திலேயே பெரிய குரலில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தட்டு தவறாமல் இருவர் ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருந்திருக்கிறது. தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அதற்கு மேலே, மலைப்பாகவும் இருந்தது. எழுந்து போய் மார்கெட்டாவைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் யாரும் செய்கிற காரியம் அல்ல அது.

"போதும் போதும், பன் நசுங்குது" என்றாள் மார்கெட்டா.

அன்று மதியம் உறைபெட்டியைத் திறந்து, வருடத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு குப்பிகளை எடுத்தார்கள். எல்லாவற்றிலும் இர்யாவின் கையெழுத்து. அடுக்கி வைத்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. இது வீடு வாங்கிய வருடம். இது அம்மா போன வருடம். அந்த செப்டம்பரில் நரம்பு அகப்படாமல் நர்ஸ் மூன்று முறை குத்தினாள். இது கால் முறிந்த வருடம். இது ஒன்றுமே நடக்காத வருடம், இதுவும், இதுவும். கடைசிக் குப்பி ஔலிஸோடு ஆடிய வருடம். ஒரு மனுஷியின் பாதி ஆயுசு உள்ளங்கை அகலத் தட்டில் உறைந்து நின்றது. இருபத்து மூன்றாவதாக மார்கெட்டாவின் ரத்தம். புதிய 'இல்லை'யாக, முன்பே பல சோதனைகளில் தேறிய வெளியூர் ரத்தம் ஒன்று. பட்டைகளை ஊறப்போட்டு ஆட்டும் தட்டில் வைத்தார்கள். பதில் காலையில்தான் வரும்.

இர்யா காலைவரை காத்திருக்கவில்லை. வேலை முடிந்ததும் துறைமுகத்துக்கு இறங்கிப் போனாள். ஔலிஸ் கப்பலின் பக்கவாட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தூரிகை நின்றது.

"என் ரத்தத்துல அது இருக்கான்னு நாளைக்குக் காலைல தெரியும்" என்றாள் இர்யா. "நீ குடுத்ததுன்னு நினைச்சு உன்மேல கோபப்பட்டேன். கேக்கத் தெரியாம கேட்டேன், கேட்டதுக்கு நீ சொன்னதையும் புரிஞ்சுக்கல. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். நாளைக்கு ஆமான்னு வந்தாலும் சரி, இல்லைன்னு வந்தாலும் சரி, நான் அதே ஆள்தான். ஜூன்ல கல்யாணம் பண்ணிக்கலாமா?"

ஔலிஸ் தூரிகையை டப்பாவின் குறுக்கே வைத்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"பண்ணிக்கலாம். பண்ணிக்காமலும் இருக்கலாம்" என்றார்.

இர்யா இந்த முறை வார்த்தையைப் படிக்கவில்லை, ஆளைப் படித்தாள். அவர் கைகளைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார், நகக்கண்வரை துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அவளுடைய மோதிரத்தை எடுத்தார். ஐந்து வாரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள் விரலை நீட்டினாள். நகக்கண் வரை துடைத்தும் அவர் கையிலிருந்து வெள்ளைப் பூச்சு கொஞ்சம் அவள் விரலில் ஒட்டியது. அதை அவள் கழுவவில்லை.

காலையில் பட்டைகளைக் கழுவிச் சாயம் விட்டார்கள். இருவரும் வாய் திறக்காமல் குனிந்து நின்றார்கள். முதலில் மார்கெட்டாவின் பட்டையில் தம்பியின் இடத்தில் கோடு எழும்பியது, மைபோட்டு இழுத்த மாதிரி கறுத்து. பிறகு இர்யாவின் பட்டைகள். இருபத்திரண்டிலும், வரிசை பிசகாமல், அண்ணனின் இடத்தில் ஊதாக் கோடு மெல்லத் துலங்கியது. ஒன்றுகூட வெளுக்கவில்லை, ஒன்றுகூட அதிகம் கறுக்கவில்லை. அம்மா போனது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. கால் முறிந்ததும் தெரியாது. லாப்புவாவில் ஒரு கரண்டியிலிருந்து நாலு வயதில் வாங்கியதை மட்டும், அந்தக் கரண்டியைப் பிடித்த கை மண்ணுக்குள் போன பிறகும், ரத்தம் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இர்யாவுக்குக் கண் நிறைந்தது. இவ்வளவு விசுவாசத்தைத் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு, தான் ஒண்டிக்கட்டை என்று நினைத்து எத்தனை வருடத்தைக் கழித்திருக்கிறோம் என்று தோன்றியது.

தம்பியின் இடம் இருபத்திரண்டிலும் காலி. வெள்ளை.

இருவரும் எழுதினார்கள். தாள்களைத் திருப்பினார்கள். இரண்டிலும் 'இல்லை'. மார்கெட்டா விடவில்லை. எண்பத்தொன்பது குப்பியைக் கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டாள். ஒன்று புள்ளி எட்டு, கூட்டல் குறி.

"பாத்தியா, உன் ஔலிஸ் மூஞ்சியையே பாக்காத ரத்தம்" என்றாள். "உன் ரத்தத்துல இருக்கற வேற எதையோ பாத்துட்டு இது தம்பிங்குது. என்னன்னு கடவுளுக்குத்தான் தெரியும். நீ போய்ப் போன் பண்ணு."

இர்யா போனை எடுத்தாள். அந்தப் பக்கம் கப்பல் இயந்திரத்தின் இரைச்சல்.

"ஔலிஸ், இல்லைன்னு வந்திருக்கு."

இரைச்சல் நின்றது. அவர் இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

"எது இல்லை?" என்றார். குரல் கம்மியிருந்தது. "கல்யாணமா? கல்யாணம் இல்லையா, இர்யா? ஆமாவா இல்லையா, நேரா சொல்லு!"

குவோபியோ ஆண்பிள்ளை ஒருவர் நேரான கேள்வி கேட்டு இர்யா கேட்டது முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். விரலில் இருந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"இருக்கலாம்" என்றாள். "இல்லாமலும் இருக்கலாம்."